அரபு நாடுகளின் காதில் யார் ஓதுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் கணக்கு எழுதினேன். ஆபீஸில் ஒரு எகிப்துக்காரர், ஒரு சிரியாக்காரர், ஒரு பாலஸ்தீனர். மூன்று பேரும் ராத்திரி ஒரே செய்தியை மூன்று சேனலில் பார்த்துவிட்டு, காலையில் வந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் அரபி வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு காஸா, சிரியா, சூடான் என்று எங்கே எது நடந்தாலும் தெரிந்தவர்கள் ஒரே மாதிரிச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

"தகவல் போர்னு சொல்றாங்களே, அது பிரச்சாரத்துக்கு வெச்ச புதுப் பேர்தானே?"

பெரும்பாலும் அதேதான். ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களின் காதில் தனக்குச் சாதகமானதைப் போட்டுக்கொண்டே இருப்பது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். சொந்தப் பெயரில் பேசுவது ஒரு வகை: ரஷ்யாவின் ஆர்டி அரபி, அமெரிக்காவின் அல் ஹுர்ரா, பிரிட்டனின் பிபிசி அரபி எல்லாம் இதில் வரும், யார் பணம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கோ வானொலிக்கோ காசு கொடுத்து, தன் சரக்கை அதன் பெயரில் வெளியே விடுவது இன்னொரு வகை. மூன்றாவது, இல்லாத மனிதர்களின் பெயரில் கணக்கு திறப்பது, அடுத்தவர் தளத்துக்குள் புகுந்து பொய்ச் செய்தி போடுவது போன்ற முழுத் திருட்டு வேலை.

முதல் வகையைச் செய்கிற நாடுகளே மற்ற இரண்டையும் செய்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அடிக்கடி தேவைப்படும்.

"இதெல்லாம் ஃபேஸ்புக், ட்விட்டர் வந்தப்புறம் ஆரம்பிச்ச கூத்துதானே?"

இல்லவே இல்லை. 1934-லேயே முசோலினியின் இத்தாலி, பாரி என்ற துறைமுக நகரத்திலிருந்து அரபியில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. நல்ல பாட்டு, நடுநடுவே செய்தி, செய்தியில் பிரிட்டனுக்குக் குத்து. வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலம், காபிக் கடையில் ஒரு பெட்டி இருக்கும், தெருவே கூடிக் கேட்கும். 1936-ல் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்ததும் பாரி வானொலிக்கு, வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

பிரிட்டன் சும்மா இருக்குமா? 1938 ஜனவரி 3 அன்று பிபிசி அரபி ஒலிபரப்பு தொடங்கியது. ஆங்கிலம் தவிர்த்த வேறு மொழியில் பிபிசி வெளிநாடுகளுக்கு நடத்திய முதல் சேவை இதுதான், நம் தமிழோசை எல்லாம் அதற்கு அப்புறம். அடுத்த வருஷம் ஜெர்மனியும் களத்தில் குதித்தது. யூனுஸ் பஹ்ரி என்ற இராக்கியர் பெர்லினிலிருந்து கணீர்க் குரலில் பிரிட்டிஷாரை வறுத்தெடுப்பார். 1941-ல் ஜெருசலேமின் முஃப்தி, அதாவது முஸ்லிம் மதத் தலைவர், அமீன் அல் ஹுசைனியும் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்து அதே வானொலியில் பேசினார். இன்றைக்கு மொபைலில் நடப்பதற்குத் தாத்தா அந்தக் காபிக் கடை ரேடியோ.

"பிபிசி நடுநிலைனு சொல்வாங்களே, அதையும் இந்தக் கணக்குல சேக்கலாமா?"

சேர்க்கத்தான் வேண்டும். தொடங்கியதே இத்தாலிக்குப் பதிலடியாகத்தானே. ஆனால் தொடங்கிய நாளன்று நடந்ததைக் கேளுங்கள். முதல் செய்தி அறிக்கையிலேயே, பாலஸ்தீனத்தில் ராணுவ நீதிமன்ற உத்தரவுப்படி ஒரு அரபியர் தூக்கிலிடப்பட்டதாகச் செய்தி போனது. தூக்கில் போட்டது பிரிட்டிஷ் நிர்வாகம். நல்ல பெயர் வாங்கத் திறந்த வானொலி முதல் நாளே நம் தலையில் மண்ணை வாரிப் போடுகிறதே என்று லண்டனில் வெளியுறவு அலுவலகம் கொதித்தது. பிபிசி தரப்பு அசையவில்லை: இதை மறைத்தால் நாளைக்கு நாம் சொல்லும் எதையும் எவரும் நம்பமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால், பிபிசி அரபிக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்த ஒரு முடிவில் சம்பாதித்தது.

இதற்கு நேரெதிர்க் கதை ஷர்க் அல் அத்னா. 1940களில் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷார் தொடங்கி, 1948-ல் சைப்ரஸுக்கு மாற்றிய வானொலி அது. பெயர் அரபி, குரல் அரபி, பாட்டும் நாடகமும் முதல் தரம். ஆட்டிவைத்தது மட்டும் பிரிட்டிஷ் அரசு. 1956-ல் பிரிட்டன் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போர் வந்ததும் முகமூடியைக் கழற்றி 'பிரிட்டனின் குரல்' என்று பெயரையும் மாற்றினார்கள். அரபு ஊழியர்கள் வெளியேறினார்கள், பல வருஷம் சேர்த்த நேயர்கள் சில நாளில் போனார்கள். ராய்ட்டர்ஸின் மேற்காசியச் சேவைக்கு 1960களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு மறைமுகமாகப் பணம் கொடுத்ததும், அதை பிபிசியின் சந்தா வழியாக அனுப்பியதும் 2020-ல் பழைய கோப்புகளிலிருந்து வெளியே வந்தது. ஆகவே நடுநிலை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பேசலாம்.

"உலகத்துல இத்தனை நாடு இருக்க, எல்லாரும் ஏன் அரபு நாடுகள்லயே போய் விழுறாங்க?"

எண்ணெய், சூயஸ் கால்வாய், இஸ்ரேல் என்று தெரிந்த காரணங்கள் உண்டு, அதை விட்டுவிடுவோம். தகவல் கணக்கில் பெரிய காரணம் மொழி. அரபு லீக்கில் 22 நாடுகள் இருக்கின்றன. பேச்சு அரபி ஊருக்கு ஊர் மாறும், மொராக்கோக்காரர் வேகமாகப் பேசினால் குவைத்துக்காரர் முழிப்பார். ஆனால் செய்தி வாசிக்கும் அரபி எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரே ஸ்டூடியோவில் வாசித்தால் அத்தனை நாட்டுக்கும் போய்ச் சேரும். இப்படி ஒரு வசதி உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்று டிஷ். 1990களிலிருந்து கூரைக்குக் கூரை டிஷ், அரப்சாட், நைல்சாட் என்ற செயற்கைக்கோள்கள் நூற்றுக்கணக்கான சேனல்களை மாதக் கட்டணமே இல்லாமல் இறக்குகின்றன. பார்ப்பவர் காசு தரமாட்டார், விளம்பரத்தை மட்டும் நம்பிச் செய்தி சேனல் நடத்தினால் கட்டுப்படியாகாது, ஆகவே யாரோ ஒரு புரவலர் வேண்டும். அந்த நாற்காலியில் அரசுகள் வந்து உட்காருகின்றன. உள்நாட்டு டிவியோ பல நாடுகளில் அதிபர் யாரை வரவேற்றார், மன்னர் எதைத் திறந்துவைத்தார் என்பதோடு முடிந்துவிடும். மக்கள் வெளியே காது கொடுக்கப் பழகியதற்கு முதல் பொறுப்பு அவர்களின் சொந்த அரசுகள்தான்.

"அப்போ அரபுக்காரங்க வெறுமனே கேட்டுக்கிட்டே இருந்தாங்களா?"

எங்கே! கெய்ரோவின் சவ்த் அல் அரப், அதாவது அரபியரின் குரல், 1953 ஜூலை 4-ல் தொடங்கியது. எகிப்தின் தலைவர் நாசர் அதைப் பீரங்கி மாதிரி பயன்படுத்தினார். 1955 டிசம்பரில் ஜோர்டானை பாக்தாத் உடன்படிக்கை என்ற தன் ராணுவக் கூட்டணியில் இழுக்க பிரிட்டன் ஒரு தளபதியை அனுப்பியபோது, கெய்ரோவிலிருந்து விழுந்த வசையில் அம்மான் தெருக்கள் கொந்தளித்தன, ஜோர்டான் சேரவில்லை. 1956 நவம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் அபு ஸாபலில் இருந்த கெய்ரோ வானொலியின் ஒலிபரப்பு நிலையத்தின் மீதே குண்டு போட்டன. உடனே சிரியாவின் டமாஸ்கஸ் வானொலி "டமாஸ்கஸிலிருந்து, இது கெய்ரோ" என்று அறிவித்து ஒலிபரப்பைத் தொடர்ந்தது. எங்கள் சிரியாக்காரர் இதைச் சொல்லும்போது, பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயத்துக்கு அவருக்குக் கண் கலங்கும்.

பிறகு 1967 ஜூன். இஸ்ரேல் முதல் நாள் காலையிலேயே எகிப்தின் விமானப்படையைத் தரையில் வைத்து நொறுக்கிவிட்டது. சவ்த் அல் அரபின் நட்சத்திரக் குரல் அகமது சயீதோ எதிரி விமானங்கள் டஜன் கணக்கில் விழுகின்றன, வெற்றி மேல் வெற்றி என்று முழங்கிக்கொண்டிருந்தார். சில நாளில் உண்மை தெரிந்தபோது அந்த வானொலி இழந்த மதிப்பு திரும்ப வரவே இல்லை. உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அரபு வீடுகள் பிபிசி பக்கம் முள்ளைத் திருப்பின. மேலே சொன்ன அந்த 1938-ஆம் வருஷத்து வாதம் இங்கேதான் வட்டியோடு திரும்பி வந்தது.

"அல் ஜசீராவை நம்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னிக்கவும். அதன் பிறப்பிலேயே ஒரு கதை இருக்கிறது. 1994-ல் பிபிசி ஒரு சவுதி நிறுவனத்தோடு சேர்ந்து அரபி டிவி தொடங்கியது. சவுதியின் மரண தண்டனைகள் பற்றிய நிகழ்ச்சி வந்ததும் கூட்டாளிக்குப் பிடிக்கவில்லை, 1996 ஏப்ரலில் சேனல் இருட்டானது. வேலை போன செய்தியாளர்களில் பலரை அள்ளிக்கொண்டு, கத்தார் அமீர் கொடுத்த சுமார் 137 மில்லியன் டாலரில், அந்த வருஷம் நவம்பர் 1 அன்று அல் ஜசீரா வந்தது. எதிரெதிர்த் தரப்புகளை உட்காரவைத்துக் கத்தவிட்டது, இஸ்ரேலியர்களையும் கூப்பிட்டுப் பேசவைத்தது. அதுவரை எந்த அரபு சேனலும் செய்யாத வேலை.

அரசு பணம், சரி. ஆனால் யார் பணம் என்று தெரிந்துகொள்வதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்தது. பணம் கொடுப்பவரின் வீட்டு வாசலில் வந்ததும் அந்தச் சேனலின் குரல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நான் எந்தச் சேனலையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2011-ல் எகிப்துக் கிளர்ச்சியை இரவும் பகலும் காட்டிய அல் ஜசீரா அரபி, பக்கத்து பஹ்ரைனில் மக்கள் எழுந்து, சவுதி படைகள் பாலத்தைத் தாண்டி உள்ளே போனபோது சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. அதே குழுமத்தின் ஆங்கிலச் சேனல் பஹ்ரைனைப் பற்றி நல்ல ஆவணப்படமே எடுத்தது என்பது தனி வேடிக்கை. 2003-ல் அல் ஜசீராவுக்குப் பதிலடியாக துபாயிலிருந்து வந்த சவுதியின் அல் அரபியாவும் இதே ரகம். 2018 அக்டோபரில் சவுதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல்லில் சவுதி துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்டபோது ஒரு சேனல் வேறு செய்தியே இல்லாத மாதிரி அதையே ஓட்டியது, இன்னொன்று ரியாத் சொன்னதை வாசித்தது.

ஆகவே சிரியா, சூடான், காஸா என்றால் அல் ஜசீராவிடம் நிறையக் கிடைக்கும். கத்தார் பற்றித் தெரியவேண்டுமானால் வேறு இடம் பாருங்கள்.

"அமெரிக்காகிட்ட இல்லாத காசா? அவங்க சேனல் ஏன் எடுபடலை?"

அல் ஹுர்ரா 2004 பிப்ரவரி 14-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயருக்கு அர்த்தம் 'சுதந்திரமானது'. அமெரிக்கப் படை இராக்கில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதமே ஹமாஸ் தலைவர் ஷேக் அகமது யாசினை இஸ்ரேல் கொன்றது, அரபு சேனல்கள் எல்லாம் நேரலைக்குப் போக, அல் ஹுர்ராவில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த மாதம், அமெரிக்கப் படையினர் இராக்கியக் கைதிகளை வதைத்த அபு கிரைப் சிறைப் படங்கள் வெளியாயின. எந்தச் செய்தி வாசிப்பாளரால் அதைச் சமாளிக்க முடியும்?

இதோடு இரண்டாவது வகை வேலையும் சேர்ந்தது. 2005-ல் வெளிவந்த விஷயம்: அமெரிக்க ராணுவத்தினர் எழுதிய கட்டுரைகளை அரபியில் மாற்றி, லிங்கன் குரூப் என்ற ஒப்பந்த நிறுவனம் மூலம் பாக்தாத் பத்திரிகைகளுக்குக் காசு கொடுத்துச் செய்தி மாதிரி போடவைத்திருந்தார்கள். ஒரு பக்கம் இராக்கியர்களுக்குச் சுதந்திரப் பத்திரிகை என்றால் என்ன என்று பாடம், மறுபக்கம் இது. அல் ஹுர்ரா அப்படியும் இப்படியும் இருபது வருஷம் ஓடியது. சில நல்ல நிகழ்ச்சிகளும் வந்தன, குறிப்பாக இராக்கில் பார்த்தவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் வாஷிங்டன் நிதியை நிறுத்த, ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு டிவி ஒளிபரப்பை மூடினார்கள்.

"ரஷ்யா மட்டும் எப்படி உள்ளே நுழைஞ்சுது?"

அமெரிக்காவைத் திட்ட ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆர்டி அரபி 2007 மே மாதம் வந்தது. 'நாங்கள் நல்லவர்கள்' என்று நிரூபிக்க அது ரொம்ப மெனக்கெடவில்லை. 'அவர்கள் மட்டும் யோக்கியமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இராக்கையும் காஸாவையும் பார்த்த ஜனங்களிடம் இந்தக் கேள்விக்கு எடுபடுவதற்கு உழைப்பே தேவையில்லை. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஆர்டியைத் தடை செய்தபோதும் அரபு நாடுகளில் அது பாட்டுக்கு ஓடியது.

அடி வாங்கிய இடம் சிரியா. 2015 செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் அங்கே இறங்கிய பிறகு, இடிபாடுகளிலிருந்து ஆட்களை மீட்ட வெள்ளைத் தலைக்கவசக் குழுவைப் பயங்கரவாதிகள், நடிகர்கள் என்று ரஷ்ய ஊடகங்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. 2018-ல் டமாஸ்கஸ் அருகே டூமாவில் நடந்த குளோரின் தாக்குதலை நாடகம் என்றார்கள். ரசாயன ஆயுதத் தடை அமைப்பு 2023 ஜனவரியில், அதை வீசியது சிரிய விமானப்படை என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என முடிவு சொன்னது. குண்டு விழுந்த ஊரில் இருந்தவரிடம் அது நாடகம் என்று சொல்லி நம்பவைக்க முடியாது.

"சீனாக்காரன் சத்தமே இல்லாம இருக்கானே?"

சத்தம் போட்டால் யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம். பீக்கிங் வானொலி 1957-லிருந்து அரபியில் பேசுகிறது, அரபி டிவி 2009-ல் வந்தது, எங்கள் ஆபீஸில் யாரும் அதைப் பார்த்து நான் பார்த்ததில்லை. சீனாவின் வழி வேறு. உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, தன் அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவின் சரக்கைக் கொடுப்பது, செய்தியாளர்களை அழைத்துப்போய் ஊர் சுற்றிக் காட்டுவது, அரசுகளோடு நேராகப் பேசி முடிப்பது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதி முஸ்லிம்களை ஒடுக்குவதாக எழுந்த புகார் விஷயத்தில் 2019 ஜூலையில் ஐ.நா.வுக்குச் சீனாவை ஆதரித்துப் போன கடிதத்தில் சவுதி, எகிப்து, எமிரேட்ஸ் எல்லாம் கையெழுத்துப் போட்டன. ஒரு செய்தியைப் பரப்புவதைவிட ஒரு செய்தி எழாமல் பார்த்துக்கொள்வதில் பீஜிங் கெட்டிக்காரர்.

"துருக்கி சீரியலைக் கூட இதுல சேப்பீங்களா? அது பொழுதுபோக்குதானே?"

சேர்ப்பேன். 2008-ல் 'நூர்' என்ற பெயரில் சவுதிக்காரர்களின் எம்பிசி சேனலில் வந்த துருக்கி சீரியல், துருக்கியிலேயே சுமாராகப் போனது. அரபியில் டப் செய்தபோது செய்தி அரபியை விட்டுவிட்டு, கேட்க இதமான சிரியப் பேச்சு அரபியைப் பிடித்தார்கள். அந்த ஒரு முடிவில் சீரியல் தீயாகப் பற்றியது, கடைசிப் பகுதி வந்த ராத்திரி தெருக்கள் வெறிச்சோடின, சவுதியின் தலைமை முஃப்தி அதைப் பார்ப்பதையே கண்டித்தார். இஸ்தான்புல்லுக்கு அரபு சுற்றுலாக் கூட்டம் அலைமோதியது. துருக்கி அரசு எழுதி வாங்கிய சீரியல் கிடையாது. ஆனால் ரியாத்துக்கும் அங்காராவுக்கும் முறுகல் முற்றியிருந்த 2018 மார்ச்சில் எம்பிசி துருக்கித் தொடர்கள் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தியதே, வெறும் பொழுதுபோக்கு என்றால் எதற்கு நிறுத்தவேண்டும்?

துருக்கி தன் மண்ணில் எகிப்து எதிர்க்கட்சிக்காரர்களின் அரபி சேனல்களுக்கும் இடம் கொடுத்து வைத்திருந்தது. 2021-ல் கெய்ரோவோடு ராசியாகத் தொடங்கியதும், கொஞ்சம் குரலை அடக்குங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். கஷோக்ஜி வழக்கும் அப்படியே: இஸ்தான்புல்லிலிருந்து தினம் ஒரு துளியாகக் கசியவிட்டவர்கள், 2022-ல் வழக்கைச் சவுதிக்கே மாற்றிக் கொடுத்தார்கள். சேனல் என்பது பேரத்தில் எடுத்து வைக்கிற காய்.

"ஈரான் பேசுறது பாரசீகம். அவங்க எப்படி அரபுக்காரங்களைப் பிடிக்கிறாங்க?"

அரபியில் அல் ஆலம் சேனலை 2003-ல் தொடங்கியது, இராக் போருக்குக் கொஞ்சம் முன்னால். சதாம் ஆட்சியில் டிஷ் வைக்கத் தடை. ஈரான் எல்லைக்கு அருகிலிருந்து தரைவழியாக ஒளிபரப்பியதால் பாக்தாதில் சாதாரண ஆன்டெனாவிலேயே அது தெரிந்தது. சதாம் விழுந்து இராக்கின் சொந்த டிவி நின்றுபோன நாட்களில் பலருக்குக் கிடைத்த சேனல் இதுதான். ஈரான் ஆதரவு பெற்ற லெபனான் இயக்கமான ஹெஸ்புல்லாவின் அல் மனார் சேனல் தனி. அதை 2015-ல் அரப்சாட் தூக்கியது, ஏனென்றால் அரப்சாட்டில் பெரிய பங்கு சவுதியுடையது.

"இஸ்ரேல் சொல்றதை அரபுக்காரங்க காது கொடுத்துக் கேப்பாங்களா?"

கேட்பார்கள், நம்புவதற்காக அல்ல, எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள. இஸ்ரேல் வானொலியின் அரபிச் சேவைக்குப் பல வருஷம் நேயர்கள் இருந்தார்கள், 1967-க்குப் பிறகு இன்னும் கூடுதல். இஸ்ரேல் ராணுவத்தின் அரபிப் பேச்சாளராக நெடுங்காலம் இருந்த அவிகாய் அத்ராயியின் பதிவுகளுக்குக் கீழே வசைமழைதான் பொழியும். ஆனாலும் எந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறச் சொல்கிறார் என்று பார்ப்பதற்காக லெபனானில் விரோதிகளும் அவர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் தெற்கு லெபனானில் வீட்டுத் தொலைபேசியிலேயே பதிவுக் குரல் கூப்பிட்டு வெளியேறச் சொன்னது. செய்தி, மிரட்டல், எச்சரிக்கை மூன்றும் ஒன்றாகிவிட்ட இடம் அது.

"போலிக் கணக்குன்னாலே ரஷ்யாதானே?"

இப்படி நினைக்கவைத்ததும் ஒரு வெற்றிதான், மற்றவர்களுக்கு. முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகையில் கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள். 2019 அக்டோபரில், வாக்னர் கூலிப்படையை நடத்திய பிரிகோஷினோடு தொடர்புள்ள ரஷ்ய வலைகளை ஃபேஸ்புக் நீக்கியது, லிபியாவும் சூடானும் அவற்றின் இலக்கில் இருந்தன. அதில் பக்கங்களை உள்ளூர்க்காரர்களை வைத்தே நடத்தினார்கள், மொழி இடறாமல் இருக்க. அதே வருஷம் டிசம்பரில் ட்விட்டர் நீக்கிய 88,000 கணக்குகள் சவுதியின் ஸ்மாத் என்ற விளம்பர நிறுவனத்தைச் சுற்றியவை. எமிரேட்ஸ், எகிப்து, ஈரான் வலைகளும் அந்தக் காலத்தில் வரிசையாகப் பிடிபட்டன.

2022-ல் பிடிபட்டது அமெரிக்க ஆதரவு வலை. அரபி, பாரசீகம், ரஷ்யன் என்று ஐந்து வருஷம் போல நடந்திருக்கிறது, அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் பின்னால் இருந்ததாக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. இதைவிட அசிங்கமான ஒன்றை 2024-ல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது: கொரோனா காலத்தில் சீனத் தடுப்பூசி மீது சந்தேகத்தைக் கிளப்ப அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகளை நடத்தியிருக்கிறது, மேற்காசிய முஸ்லிம்களிடம் அந்த ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம், ஹராம் என்கிற வழியில். உயிர் காக்கிற ஊசி விஷயத்தில் இப்படி விளையாடியவர்களுக்கு, மற்றவர்களின் பொய்யைப் பற்றிப் பேச வாய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"2017-ல கத்தாரை எல்லாரும் ஒதுக்கினாங்களே, அது ஒரு பொய்ச் செய்தியால வந்ததா?"

பொய்ச் செய்தி தீக்குச்சி, வைக்கோல் ஏற்கெனவே காய்ந்திருந்தது. 2017 மே 24 அதிகாலை கத்தார் அரசின் செய்தி நிறுவனத் தளத்தில் அமீர் ஈரானைப் புகழ்ந்து பேசியதாக ஒரு செய்தி வந்தது. தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், அமீர் அப்படிப் பேசவே இல்லை என்று கத்தார் கதறியது. அல் அரபியாவும் எமிரேட்ஸின் ஸ்கை நியூஸ் அரேபியாவும் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மணிக்கணக்கில் அதையே ஓட்டின. ஜூன் 5 அன்று சவுதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து உறவை முறித்தன. புகுந்த வேலைக்குப் பின்னால் எமிரேட்ஸ் இருந்ததாக அமெரிக்க உளவுத்துறையினர் கருதுவதாக அந்த ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது, எமிரேட்ஸ் மறுத்தது.

பிறகு வைத்த 13 கோரிக்கைகளில் ஒன்று அல் ஜசீராவை மூடவேண்டும் என்பது. 2021 ஜனவரியில் சவுதியின் அல் உலாவில் சமாதானம் ஆனது, அல் ஜசீரா மூடப்படவில்லை.

"இவ்வளவும் செஞ்சு மக்கள் மனசு மாறுதா, இல்லையா?"

போலிக் கணக்குகளால் மாறுவது ரொம்பக் குறைவு. மேலே சொன்ன அமெரிக்க ஆதரவு வலையை ஆராய்ந்தவர்கள், அதில் ஆயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த கணக்குகள் 19 சதவீதம்தான் என்று கண்டார்கள். எதிர்த்துப் பேசுகிறவரைக் கூட்டமாகச் சேர்ந்து மிரட்டி வாயடைப்பதற்கு வேண்டுமானால் இந்தக் கும்பல்கள் உதவும், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனசு மாறுவது வேறு விதமாக நடக்கிறது. 2023 அக்டோபரில் அரபு பாரோமீட்டர் அமைப்பு துனிசியாவில் கருத்துக்கணிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நடுவில் காஸா போர் வந்துவிட்டது. போருக்கு முன்னால் கேட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் அமெரிக்காவைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள், மாதக் கடைசியில் கேட்டவர்களில் அது சுமார் 10 சதவீதம். மூன்று வாரத்தில். இருபது வருஷம் நடத்திய சேனலால் இதைத் தடுக்கவும் முடியாது, எதிரியின் எந்தச் சேனலாலும் இவ்வளவு வேகத்தில் இதைச் செய்யவும் முடியாது.

"வளைகுடாவுல வேலை பாக்குற நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன?"

நிறைய. 2020 ஏப்ரலில் ஓமன் அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இந்தியத் தொழிலாளர்களை வெளியேற்றப் போவதாக மிரட்டியதாக ஒரு ட்வீட் பரவியது. அவர் பெயரில் யாரோ நடத்திய போலிக் கணக்கு அது, அவரே அதைச் சொல்லி மறுத்தார். அதற்குள் எத்தனை அறைகளில் எத்தனை பேருக்குத் தூக்கம் போனதோ.

அப்புறம் சட்டம். எமிரேட்ஸில் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் இணையக் குற்றச் சட்டப்படி வதந்தி பரப்பினால் குறைந்தது ஒரு வருஷச் சிறை, ஒரு லட்சம் திர்ஹம் அபராதம். பெருந்தொற்று, நெருக்கடிக் காலம் என்றால் இரண்டு வருஷம், இரண்டு லட்சம். ஃபார்வர்டுதானே செய்தேன் என்பது அங்கே பதிலாகாது. அறை வாட்ஸ்அப் குழுவில் அந்த ஊர் அரசைப் பற்றி எது வந்தாலும், உண்மையாகவே இருந்தாலும், அனுப்பாமல் இருப்பது நல்லது.

"அப்போ வெளிநாட்டு வானொலி, சேனல் எல்லாத்தையும் இழுத்து மூடிட்டா நல்லதுதானே?"

இதைக் கேட்டவர் எங்கள் தெரு ஆசிரியர், நியாயமான கேள்விதான். பிபிசியே அதைச் செய்து பார்த்தது. செலவைக் குறைக்க 2023 ஜனவரி 27 அன்று, 85 வருஷம் ஓடிய அரபி வானொலியை மூடியது. இணையத்தில் படித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். லெபனானில் பிபிசி அரபி ஒலித்துக்கொண்டிருந்த அலைவரிசையில் பிறகு ரஷ்ய ஊடகம் ஒலிக்கத் தொடங்கியது, பிபிசியின் தலைமை இயக்குநரே 2024-ல் இதைச் சொல்லிக் காட்டினார். காலி இடத்தில் யாராவது குடியேறத்தான் செய்வார்கள்.

சரி, அது வல்லரசுகளின் பாடு. ஆனால் வானொலி மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் போர் வெடித்தது. இணையம் விட்டுவிட்டு வந்தது, மின்சாரம் இல்லை, கார்ட்டூமில் இரு தரப்பும் தாங்களே ஜெயிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மே மாதம் பிபிசி ஒரு அவசர அரபி வானொலியைச் சிற்றலையில் தொடங்கவேண்டி வந்தது, நாளைக்கு இரண்டு முறை, அரை மணி நேரம். நவம்பரில் காஸாவுக்கும் அப்படியே ஒன்று. மூடும்போது செலவோடு சேர்த்துச் சொன்ன காரணம், இனி யார் ரேடியோ கேட்கிறார்கள் என்பது.